பெரியவளுக்குத்தாங்க கேட்டை

...புரைதானே ஏறியது, தண்ணீர் குடிக்கும்போது யாருக்குத்தான் ஏறாது, அதுவும் வெங்காய பஜ்ஜியை அப்படி வாய் நிறைய அடைத்துக்கொண்டு மேலே தண்ணீரை ஊற்றினால் ஏறாமல் என்ன செய்யும், ஆனால் அந்த ஒரு நொடியில், மாப்பிள்ளையின் அண்ணன் குரு கண் சிவக்க இருமுகிறான், மடியில் இருந்த அவன் குழந்தை அப்பாவின் முகத்தையே பார்க்கிறது, அவன் பெண்டாட்டி முதுகில் தட்டுகிறாள், தீர்த்தம்மாளோ, ஐயோ இப்போதே ஆரம்பித்துவிட்டதா, இன்னும் தட்டுகூட மாற்றவில்லையே என்று முந்தானையைக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். பிறகு அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காரம் கொஞ்சம் தூக்கலா போச்சுங்க அத்தை" என்று சிரித்தான், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், யார் சிரிப்பு அதிகச் சத்தமாக இருந்தது என்று கேட்டால் அவளுடையதுதான். பெண் பார்க்க வந்தவர்களின் வேன் போய் அரை மணி ஆகியிருக்கும், பாலக்கோடு போய்ச் சேர இன்னும் நேரம் பிடிக்கும், பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து எச்சில் டம்ளர்களைத் தேய்க்கும்போதும் அந்த இருமல் காதை விட்டுப் போகவில்லை. ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், தக்காளி லோடு ஏற்றி இறக்குகிற உடம்பு, போகும்போது வேன் கதவை ஒரே இழுப்பில் சாத்தினான், அவனுக்கு ஒன்றும் ஆகாது, ஆகக் கூடாது, ஆனால் நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட முதலில் நினைவுக்கு வரப்போவது இந்த வாசல்தான், அவர்களுக்கு வராது, அவளுக்கு வரும்.

கேட்டை நட்சத்திரத்துப் பெண் போகிற வீட்டில் புருஷனுக்கு அண்ணன் இருந்தால் அந்த அண்ணனுக்கு ஆகாது என்பார்கள், யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, பெண் பார்க்க வருகிற எல்லோருக்கும் மட்டும் தெரிந்திருக்கும். சின்னவள் அன்புமதிக்குக் கேட்டை. இரண்டு வருடமாக வந்த இடமெல்லாம் நட்சத்திரத்தைக் கேட்டதும் அப்புறம் சொல்கிறோம் என்று எழுந்து போயின, அப்படி எழுந்து போன ஒருவர்கூட அப்புறம் சொன்னதில்லை. கடைசியில் ஒரு கல்யாணத்தில் இந்த மாதவராஜ் அவளைப் பார்த்துவிட்டான், ஓசூரில் கம்பெனி வேலை, இவளுக்கும் அவனைப் பிடித்துவிட்டது, ஆனால் அவனுக்கு மேலே ஒரு அண்ணன், இந்தக் குரு. நல்லம்பள்ளி கருப்பண்ணன் ஜோசியரிடம் போய் அழாத குறையாகச் சொன்னபோது அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பொறந்தது மத்தியானம், அன்னைக்கு விடிஞ்சி கொஞ்ச நேரம் அனுஷம் இருந்திருக்குது, காலம்பறன்னு சொல்லிருங்க, அனுஷம் நாலாம் பாதம், யாரு போயி ஆஸ்பத்திரியில கேக்கப் போறாங்க?" என்றார். ராசிகூட மாறவில்லை, இரண்டும் விருச்சிகம்தான், ஒரே வீட்டுக்குள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் பாயை இழுத்துப் போடுவதைப் போலத்தான், இதெல்லாம் ஊரில் நடக்காததா, எத்தனை பேர் பொழுதை முன்னே பின்னே தள்ளிக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு அதியமான்கோட்டை பைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்குச் சாம்பல் பூசணியில் விளக்கும் ஏற்றிவிட்டு வந்தாள், சாமி, ஒரு பெண்ணின் வாழ்க்கைக்காகச் சொன்னது, பொறுத்துக்கொள் என்று. அந்தப் பொய் அவளை அவ்வளவாக அரிக்கவில்லை.

அரிப்பது இன்றைக்குச் சொன்னது. பெரியவள் கலைமதிக்கு நிஜமாகவே அனுஷம், பொழுதைத் தள்ள வேண்டிய வேலையே இல்லாத சுத்தமான அனுஷம், அவளைப் போய்... காபித் தட்டோடு சமையலறைக் கதவருகில் நின்றிருந்தாள், பச்சைப் புடவை, தங்கையை மங்கலாகக் காட்டக் கூடாது என்று தானாகவே பழைய புடவையை எடுத்து உடுத்திக்கொண்டவள், அவள் காது கேட்க, "சின்னவ அனுஷம், பெரியவளுக்குத்தாங்க கேட்டை" என்று தீர்த்தம்மாளின் வாய் சொல்லிவிட்டது. தட்டு ஆடவில்லை. டம்ளர் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. அவள் நேராக நடந்து வந்து மாப்பிள்ளையின் அம்மா ராஜாமணியிடம் தட்டை நீட்டி, "எடுத்துக்கோங்க அத்தை, சக்கரை அளவாத்தான் போட்டிருக்கு" என்றாள், அந்த அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள், பாவம் என்கிற பார்வை, அதையும் கலைமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை, எல்லோரும் போன பிறகாவது என்னம்மா இப்படி என்று கேட்டிருந்தால் நாலு வார்த்தை பதிலுக்குக் கத்திவிட்டு அழுதிருக்கலாம், அவளோ இரவல் வாங்கிய நாற்காலிகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள், ஒவ்வொரு கையிலும் இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு, போய்ப் போய் வந்துகொண்டு.

என்ன செய்வது, வேறு வழி இல்லை. இந்த வீட்டில் ஒரு கேட்டை இருப்பது ஊருக்குத் தெரியும், நாளைக்கு யாராவது பாலக்கோட்டுக்கே போய் அந்த வீட்டில் ஒருத்தி கேட்டையாச்சே என்று பற்ற வைத்தால் அப்போது என்ன பதில் சொல்வது, அது பெரியவள் என்று முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டால் வாயை அடைத்த மாதிரி ஆகிவிடும், அதற்காகத்தான், ராஜாமணி கேட்டாள், வாயால் கேட்கவில்லை என்றாலும் கண்ணால் கேட்டாள், கண்ணால் கேட்பதும் கேட்பதுதானே. அப்படித்தானே? டம்ளரின் அடியில் காபித் தூள் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, நாரை மாற்றிப் பிடித்து அழுத்தினாள், முட்டி வலித்தது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, எழுந்தால் உட்கார முடிவதில்லை, ஃப்ளோரைடு ஏறிய இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த முட்டி.

கருப்பண்ணன் ஜோசியர் அன்றைக்கு ஒரு கதை சொன்னார், அவருக்கு ஆள் கிடைத்தால் கதை சொல்லாமல் விடமாட்டார். விருச்சிகத்தின் கடைசியில் இருக்கிறது கேட்டை, அதற்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், ஜேஷ்டாதேவி, நம் வாயில் விழுந்து மூதேவி. பாற்கடலைக் கடைந்தபோது விஷத்துக்குப் பிறகு வந்தவள் அவள்தான், கையில் துடைப்பம், கொடியில் காக்கை, கழுதை வாகனம், தேவர் அசுரர் எல்லோரும் ஆளுக்கு ஓரடி பின்னால் போய்விட்டார்கள். பிறகு தாமரையில் மகாலட்சுமி வந்தாள், பெருமாள் கை நீட்டினார், அவளோ அக்காவுக்கு ஆகாமல் எனக்கு எப்படி என்று நின்றுவிட்டாள். அதனால் ஒரு ரிஷியைப் பிடித்து மூத்தவளை அவர் தலையில் கட்டினார்கள், மந்திரம் ஓதுகிற இடத்தில் எல்லாம் இவள் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள், ரிஷிக்கு வெறுத்துப்போய் ஒரு அரச மரத்தடியில் இரு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், வரவே இல்லை, இவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். "பேருதான் மூத்தவ, உங்கூட்ல அது சின்னதுக்கு வந்து விழுந்திருக்குது பாருங்க" என்று ஜோசியர் சிரித்தார். தீர்த்தம்மாளும் சிரித்தாள். இன்றைக்கு அதைக் கொண்டுபோய்ச் சரியான இடத்தில் வைத்துவிட்டாள், மூத்தவளுடையது மூத்தவளுக்கு. கதையில் தங்கையாவது அக்காவுக்காக ஒரு வார்த்தை கேட்டாள். அந்த இரண்டு பேருக்கும் தாய் யார் என்று ஜோசியரிடம் கேட்கத் தோன்றவில்லை. கடல்தான் தாய் என்றால், அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தபோது அந்தக் கடல் என்ன செய்துகொண்டிருந்தது? பெரியவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்காதா, இல்லை அதுவும் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்ததா?

அவர் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது, அவள் புருஷன் பச்சியப்பனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு, பயம் கிடையாது. இரண்டு பெண்ணும் விருச்சிகம், விருச்சிகத்தில் சந்திரன் நீசம் என்று யாரோ சொன்னதும், அப்படியா, சந்திரனை நானே கூப்பிட்டு வைத்துக்கொள்கிறேன் என்று இரண்டு பேருக்கும் மதி என்று முடிகிற மாதிரி பெயர் வைத்த மனிதர். சிறுநீரகம் போய், தருமபுரிக்கும் சேலத்துக்கும் அலைந்து, போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் ஒருநாள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கல்லைப் புரட்டியபோது ஒரு தேள் இருந்தது, முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள், அவர் கம்பை ஓங்கினார், இவள்தான் தடுத்தாள், விடுங்கள், பிள்ளைக்காரி, அந்தக் குஞ்சுகளே அதைத் தின்று தீர்த்துவிடும் என்று. பிறகு வீட்டில் கோபம் வரும்போதெல்லாம் அதையே சொல்லி இரண்டு பெண்களையும் ஏசுவாள், என் முதுகில் ஏறி என்னையே தின்கிறீர்கள் என்று. கலைமதி விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள், "அது சும்மா கதைம்மா. குஞ்சு எங்கயாச்சும் அம்மாவத் தின்னுமா? மொதத் தோலு உரியற வரைக்கும் முதுகுல இருக்கும், அப்புறம் எறங்கிப் போயிரும். போகாம அங்கயே சுத்திக்கிட்டு இருந்தாத்தான் வம்பு, பசிச்சா அம்மாவே புடிச்சித் தின்னுரும்." அன்றைக்கு அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், அவர் புரையேறச் சிரித்தார். இப்போது எதற்கு அது நினைவுக்கு வருகிறது, தேளுக்கு என்ன தெரியும், அது பூச்சி.

"அம்மா," என்று அன்பு பின்வாசலில் வந்து நின்றாள், காதில் போன், முகமெல்லாம் பல், போனைக் கையால் மூடிக்கொண்டு, "அவரு சொல்றாரு, எல்லாருக்கும் புடிச்சிருச்சாம், வேன்லயே தேதி பேச ஆரம்பிச்சிட்டாங்களாம்" என்றாள். சந்தோஷம்தான், வயிறு குளிர்ந்தது, அந்த முகத்தைப் பார்த்தால் எந்தப் பொய்யும் சொல்லலாம். "சரி சரி, போனை வெச்சிட்டு வா, பாத்திரம் கெடக்குது" என்றாள் தீர்த்தம்மாள், சும்மா சொன்னது, வரமாட்டாள் என்று தெரியும். அன்பு போகத் திரும்பியவள் நின்று, குரலை இறக்கி, "ஏம்மா, அக்காவ எதுக்கு அப்படிச் சொன்ன? எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றாள். "உனக்காகத்தாண்டி. நாளைக்கு அவங்க கேட்டா?" "கேட்டா அக்காவும் அனுஷம்னு சொல்லிட்டுப் போறது. ரெண்டு பேரும் அனுஷமா இருக்கக் கூடாதா என்ன?" என்று சொல்லிவிட்டு, போனில் அவன் கூப்பிட, ஆங், சொல்லுங்க, என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டாள்.

ரெண்டு பேரும் அனுஷமாக இருக்கக் கூடாதா. கூடாது என்று எந்த ஜோசியர் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை. பெரியவளும் அனுஷம் என்றால் அது பொய்கூட இல்லை, இன்று முழுக்க இந்த வீட்டில் சொல்லக் கிடைத்த ஒரே உண்மை அதுதான், அதை விட்டுவிட்டு... ஊர்க்காரர்கள் வாய்க்குப் பயந்து என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டாளே, ஊர்க்காரர்கள் சொல்வதாக இருந்தால் சின்னவள்தான் கேட்டை என்றே சொல்லிவிட்டுப் போவார்கள், அதற்குப் பெரியவளைப் பலி கொடுத்து என்ன ஆகப்போகிறது? அந்த நேரம் வாய் ஏன் அப்படிப் போனது? ராஜாமணி என்ன கேட்டாள், சரியாக என்ன கேட்டாள், நினைத்துப் பார். பாயில் உட்கார்ந்திருந்தாள், பஜ்ஜியைப் பிட்டாள், நம்ம பெரியவன் இருக்கானே, அதனால நட்சத்திரம்தான் மொதல்ல பாத்தோம், அனுஷம்னதும் மனசு நெறஞ்சி போச்சு என்றாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது, கண்ணால்கூட ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். கலைமதியைப் பார்த்தாள். பார்த்து, முகம் மலர்ந்து...

"உங்க பெரியவளுக்கு எதுனா பாக்கறீங்களாக்கா? எங்கண்ணன் ரெண்டாவது மகன் வாத்தியாரா இருக்கான், நல்ல பையன், இவளாட்டம் படிச்ச புள்ளதான் வேணும்னு நிக்கறான்."

அதுதான் கேட்டாள். அதற்குத்தான் இவள் அந்தப் பதிலைச் சொன்னாள். இரண்டாவது மகன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும், அவனுக்கு ஒரு அண்ணன் இருக்கிறான் என்று எந்த வேகத்தில் கணக்குப் போட்டது இந்த மண்டை, முட்டியைத் தூக்கி வைக்கக்கூட யோசிக்கிற பொம்பளை, யோசிக்காமல் ஒரே வீச்சில் வாசலைச் சாத்தினாளே. ராஜாமணியின் முகம் தொங்கிப்போனது, "அப்படீங்களா, சரி, பாப்போம்" என்று பஜ்ஜிக்குத் திரும்பிவிட்டாள், அப்போது உள்ளுக்குள் என்னவோ இறங்கியதே, ஒரு பாரம் இறங்கியதே, அது என்ன? சின்னவளின் பொய் தப்பித்தது என்கிற நிம்மதி என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டிருந்தாளா, நினைத்துக்கொள்ளப் பார்த்தாளா?

இதற்கு முன்னால் வந்தவை மட்டும் என்ன ஆயின? கலைமதிக்கும் இடங்கள் வராமல் இல்லை, முப்பத்தொரு வயதுவரை இருக்கிறாள் என்றால் அவள் நட்சத்திரத்தில் என்ன குறை, ஒரு குறையும் இல்லை. அவர் படுத்த படுக்கையாக இருந்தபோது அரூர்ப் பக்கம் இருந்து ஒன்று வந்தது, அப்பாவுக்கு இப்படி இருக்கும்போது எப்படி என்று கலைமதியேதான் வேண்டாம் என்றாள், சரி, அது அவள் சொன்னது. அப்புறம் பென்னாகரத்து இடம், பையன் குடிக்கிறான் என்று கேள்விப்பட்டோம். யாரிடம் கேள்விப்பட்டோம்? யார் சொன்னது? ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை, கலைமதியிடம் போய்ச் சொன்ன தன் குரல்தான் ஞாபகம் வருகிறது, "வேண்டாம் சாமி, தெரிஞ்சே கெணத்துல தள்ள மாட்டேன்" என்று. ஐயோ. அவர் போன பிறகு இந்த வீட்டில் சாயங்காலம் என்பதே டீச்சர் வேலைக்குப் போகிற கலைமதியின் ஸ்கூட்டி சத்தம்தான், பள்ளிக்கூடம் விட்டு அது வாசலில் வந்து நிற்கிறவரைக்கும் இவள் விளக்குகூடப் போடுவதில்லை, முட்டிக்குத் தைலம் தேய்க்கிற கை, மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைக்கிற கை, ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இவளுக்காகச் சண்டை போடுகிற வாய். அன்பு போகட்டும், அன்பு என்றைக்கும் போகிறவள்தான், கல்யாணத்துக்கு அப்புறம் அவள் கட்டிலைக் கழற்றி வைத்துவிட்டால் கலைமதியின் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தலாம் என்று ஒரு மாதமாக மனதுக்குள் அளந்து வைத்திருக்கிறாளே, அந்த அளவில் எந்த இடத்திலாவது கலைமதி போய்விட்ட வீடு என்று ஒன்று இருந்ததா? இல்லை. ஒருதடவைகூட இல்லை. பெற்ற மகள், அவள் வாழட்டும் என்று நினைக்க வேண்டிய வயிறு, அவள் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறது.

செருப்புச் சத்தம் கேட்டது. கலைமதி கடைசி நாற்காலியையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள், புடவையை இழுத்துச் செருகியபடி வந்து, "எந்திரிம்மா நீ, முட்டிய மடக்கி இவ்ளோ நேரம் உக்காந்தா ராத்திரிக்கு யாரு கத்தறது, நான் வெளக்கறேன்" என்றாள். தீர்த்தம்மாள் எழவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. "கொஞ்சந்தான் இருக்குது" என்றாள். கலைமதி கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள், கழுவி வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தாள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். பிறகு அவள் சாதாரணமாக, நாளைக்கு என்ன குழம்பு என்று கேட்கிற குரலில், "அந்த வாத்தியாரு எனக்குத் தெரிஞ்சவருதாம்மா" என்றாள். "எங்க ஸ்கூல் சயின்ஸ் கண்காட்சிக்கு அவரு பசங்களக் கூட்டிட்டு வந்தாரு. பேசியிருக்கேன். அவங்க அத்தை இன்னைக்குக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

தெரியுமா. தெரிந்தா அந்தக் கதவருகில் நின்றாய், தெரிந்தா தட்டைப் பிடித்துக்கொண்டு... தீர்த்தம்மாளுக்குக் கண் எரிந்தது, சாம்பல் பட்டுவிட்டது என்று புறங்கையால் துடைத்தாள், சாம்பலும் இல்லை ஒன்றும் இல்லை, சோப்புதான். "நான்... அன்புக்காக..." என்று ஆரம்பித்தாள். "தெரியும்மா" என்றாள் கலைமதி, அந்தத் தெரியும் எது தெரியும் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. "பரவால்ல. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன், பெரியவளுக்கும் அனுஷம்தான், கேட்டை எங்கூட்ல யாருக்குமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இப்பவே சொல்லிட்டா அவங்களுக்கும் பெருசா தெரியாது. அன்புக்கும் ஒண்ணும் ஆகாது." இடுப்பிலிருந்து போனை எடுத்தாள், எண்ணைத் தேடி எடுத்து வைத்திருந்தாள், தேடியே எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள், திரையில் ராஜாமணி அத்தை என்று வெளிச்சமாகத் தெரிந்தது, அதைத் தாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஒரு வார்த்தைதான். உண்மையான வார்த்தை, சொல்லிவிட்டால் நெஞ்சில் கிடக்கிற கல் புரண்டு விழுந்துவிடும், சொல்லத்தான் போகிறாள், சொல்லாமல் என்ன, பெற்றவள்தானே, "கை ஈரமா இருக்குது கண்ணு" என்றாள். சொன்ன பிறகுதான், கை ஈரமாக இருப்பது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று தான் நினைப்பது அவளுக்கே கேட்டது. கழுவிக் கவிழ்த்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து மறுபடியும் சோப்புத் தண்ணீரில் முக்கினாள். கலைமதி போனை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.